எண்ணும் எண்ணெயும்: பராமரிப்பை எப்போது அறிவாகக் கணக்கிடப் போகிறோம்?

பொறியியல் கல்வி நிலையங்களில் ரேடியோ கட்டுப்பாட்டுப் பந்தயக் கார்களை இயக்கும் மாணவர் குழுக்களுக்குள் எழுதப்படாத ஒரு வேலைப் பிரிவினை உண்டு. அதிர்வுதாங்கியில் எந்த எண்ணுடைய எண்ணெயை ஊற்றுவது, டிஃபரன்ஷியலில் எந்த எண்ணுடையதை ஊற்றுவது என்று தீர்மானிப்பவர் மூத்த மாணவர். அவர் ‘செட்டப்’ தெரிந்தவர் என்று மதிக்கப்படுகிறார். பழைய எண்ணெயை வடித்து, உறுப்புகளைத் துடைத்து, புதியதை நிரப்பி, காற்றுக் குமிழ்களை வெளியேற்றுபவர் முதலாண்டு மாணவர். அவர் கையாள் மட்டுமே. திட்ட அறிக்கையில் முன்னவரின் பெயர் வரும். பின்னவருக்கு விரல்களில் ஒட்டிய பிசுக்கு மிஞ்சும்.

இந்தப் பிரிவினை நியாயமற்றது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அறிவியல் நோக்கில் அது பிழையானது என்பதே இப்பதிவின் வாதம். எண்ணைத் தேர்ந்தெடுப்பதைவிட அந்த எண் வண்டிக்குள் உண்மையாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதே கடினமான அறிவுச் செயல். பாய்மங்களின் பாகுநிலையை ஆராய்பவன் என்ற முறையிலும், கற்பித்தல் உதவியாளனாக மாணவர் திட்டங்களைப் பார்த்துவருபவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

இத்துறைக்குப் புதியவர்களுக்காகச் சில அடிப்படைகள். 1/8 அளவு ‘பகி’ எனப்படும் மண்தரைப் பந்தய வண்டியை எடுத்துக்கொள்வோம். எடை மூன்று முதல் நான்கு கிலோ. நீளம் ஏறத்தாழ அரை மீட்டர். மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் விரையக்கூடியது. மண்மேடுகளிலிருந்து பல அடி உயரம் பறந்து தரையிறங்கக்கூடியது. அதில் நான்கு அதிர்வுதாங்கிகளும், முன், நடு, பின் என மூன்று டிஃபரன்ஷியல்களும் உள்ளன. இந்த ஏழு கலங்களையும் நிரப்புவது ஒரே வேதியியல் குடும்பத்தைச் சேர்ந்த பாய்மம்: பாலிடைமெத்தில்சிலாக்சேன் எனப்படும் சிலிகோன் எண்ணெய். மூலக்கூறுச் சங்கிலியின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் நீரைப் போல ஓடும் எண்ணெயிலிருந்து ஆறிய வெல்லப்பாகு போல நகர மறுக்கும் எண்ணெய் வரை இக்குடும்பத்தில் செய்துகொள்ளலாம். அதிர்வுதாங்கிக்குச் சில நூறு சென்டிஸ்டோக்ஸ் பாகுநிலை போதும். டிஃபரன்ஷியலுக்குச் சில ஆயிரத்திலிருந்து இலட்சம் வரையும் அதற்கு மேலும் தேவைப்படலாம். ஒப்பீட்டுக்கு, அறை வெப்பநிலையில் நீரின் அளவு ஏறத்தாழ 1 சென்டிஸ்டோக்ஸ்.

அதிர்வுதாங்கியின் இயக்கம் எளிமையானது. எண்ணெய் நிரம்பிய உருளைக்குள் துளையிட்ட பிஸ்டன் நகர்கிறது. எண்ணெய் அத்துளைகள் வழியே பிதுங்கிச் செல்ல வேண்டியிருப்பதால் எதிர்ப்பு விசை உண்டாகிறது. சுருள்வில் சேமித்த ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. சீரான ஓட்டத்தில் இந்த எதிர்ப்பு பாகுநிலைக்கு நேர்விகிதத்திலும் துளை ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்பது பள்ளி இயற்பியலில் நாம் படித்த பாய்சொய் விதி. 1.2 மில்லிமீட்டர்த் துளையை 1.3 ஆக்கினால் ஓட்டம் தோராயமாக 38 விழுக்காடு கூடும். துளைகள் குட்டையானவை, பிஸ்டனின் விளிம்போரமும் எண்ணெய் கசியும் என்பதால் உண்மை நிலை இன்னும் சிக்கலானது. ஆயினும் எவ்வளவு நுண்ணிய மாற்றத்துக்கு வண்டி எவ்வளவு பெரிதாக எதிர்வினை காட்டும் என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

டிஃபரன்ஷியல், வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட வேகமாகச் சுழல இடம் தரும் பற்சக்கரத் தொகுதி. அதன் குறை, பிடிமானம் இழந்த சக்கரம் வெறுமனே சுழலும்போது விசை முழுதும் அதன் வழியே வீணாவது. தடித்த எண்ணெயை உள்ளே நிரப்பினால் பற்சக்கரங்கள் அதைப் பிசைந்தபடி சுழல வேண்டியிருக்கும். இரு பக்க வேக வேறுபாட்டுக்கு ஒரு தடை உருவாகும். நான்கு சக்கர இயக்க வண்டியில் நடு டிஃபரன்ஷியல் முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பகிர்கிறது. அதில் எண்ணெய் மிக மெல்லியதாக இருந்தால், வேகமெடுக்கும்போது பாரம் பின்னே சாய்ந்து முன் சக்கரங்கள் இலேசாகி, விசை அவற்றின் வழியே வழிந்துவிடும். முன்புறம் 7,000, நடுவில் 7,000, பின்புறம் 3,000 என்பது போன்ற மும்மை எண்களைப் பந்தயக்காரர்கள் மந்திரம் போல ஓதுவது இதனால்தான். மும்மை எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்வதே கற்றல் என்று மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அந்த எண் எதைக் குறிக்கிறது என்ற கேள்வியில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதற்சிக்கல் அலகு. சில குப்பிகளில் சென்டிஸ்டோக்ஸ் அச்சிடப்பட்டிருக்கும். ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸின் பெயர் தாங்கிய அந்த அலகுக்குத் திட்டமான வரையறை உண்டு: நொடிக்கு ஒரு சதுர மில்லிமீட்டர். வேறு சில குப்பிகளில் 30, 35, 40 என்று ‘வெயிட்’ எண் இருக்கும். அதற்கு உற்பத்தியாளர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட பொது வரையறை இல்லை. அசோசியேட்டட் நிறுவனத்தின் 30 வெயிட் எண்ணெய் 350 சென்டிஸ்டோக்ஸ். 35 வெயிட் 425. 40 வெயிட் 500. இன்னொரு நிறுவனத்தின் 30 இதற்குச் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. ‘நாங்கள் 30 போட்டோம்’ என்று இரு குழுக்கள் பேசிக்கொள்ளும்போது இருவரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்பதே உறுதியில்லை.

இரண்டாம் சிக்கல் வெப்பநிலை. குப்பியின் எண் 25 பாகை செல்சியசுக்கு உரியது. சிலிகோன் எண்ணெயின் சிறப்பே வெப்பத்தால் அது பெரிதும் மாறாதிருப்பதுதான். 40 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேறும்போது எஸ்.ஏ.இ. 30 வகை எஞ்சின் எண்ணெயின் பாகுநிலை ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். சிலிகோன் எண்ணெய் ஐந்தில் இரண்டு பங்கையாவது தக்கவைத்துக்கொள்ளும். ஆனால் ‘பெரிதும் மாறாது’ என்பதை ‘மாறவே மாறாது’ என்று புரிந்துகொள்ளக் கூடாது. 25 பாகையில் 350 ஆக இருக்கும் எண்ணெய் 40 பாகையில் ஏறத்தாழ 265 ஆகிறது. 10 பாகையில் ஏறத்தாழ 480 ஆகிறது. நான் பணியாற்றும் வட இந்தியச் சமவெளியில் இவ்விரு வெப்பநிலைகளும் கற்பனையானவை அல்ல. முன்னது மே மாதப் பிற்பகல், பின்னது சனவரிக் காலை. மே மாதப் பிற்பகலில் 35 வெயிட் எண்ணெய்கூட ஏறத்தாழ 320 சென்டிஸ்டோக்ஸாக இளகிவிடும். அதாவது, 25 பாகையில் இருக்கும் 30 வெயிட்டைவிட அது மெலிந்தது. 30-ஆ 35-ஆ என்று அரைநாள் விவாதித்து எடுத்த முடிவை ஒரு பிற்பகல் வெயில் விழுங்கிவிடுகிறது. வெப்பநிலையைக் குறித்துவைக்காத செட்டப் தாள், அலகு எழுதாத விடை போன்றது.

மூன்றாம் சிக்கல் கலவை. கையில் 300-உம் 500-உம் இருக்கின்றன, 400 வேண்டும். இரண்டையும் சரிபாதி கலந்தால் 400 கிடைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. பாகுநிலை அப்படிக் கூடுவதில்லை. அதன் மடக்கையே எடை விகிதப்படி ஏறத்தாழ நேர்கோட்டில் கூடுகிறது. சரிபாதி கலவை 400 அன்று, ஏறத்தாழ 387. இங்கே வேறுபாடு சிறியது. ஆனால் 1,000-த்தையும் 1,00,000-த்தையும் சரிபாதி கலந்தால் கிடைப்பது ஐம்பதாயிரத்துச் சொச்சம் அன்று. பத்தாயிரத்தை ஒட்டிய ஓர் எண்.

இந்தக் கணக்கு பராமரிப்புக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 10,000 ஊற்றியிருந்த டிஃபரன்ஷியலைச் சரியாகத் துடைக்காமல் 3,000 ஊற்றுகிறோம் என்று கொள்வோம். பற்களின் இடுக்குகளில் பழைய எண்ணெய் பத்தில் ஒரு பங்கு தங்கியிருந்தால், உள்ளே இருப்பது 3,000 அன்று, ஏறத்தாழ 3,400. தாளில் எழுதப்படுவதோ 3,000. எந்தப் பொய்யும் சொல்லாமலே நமது தரவில் ஒரு பொய் நுழைந்துவிட்டது. ‘நன்றாகத் துடை’ என்று முதலாண்டு மாணவரிடம் அலட்சியமாகச் சொல்லப்படும் வேலைக்கும் அளவீட்டின் நேர்மைக்கும் உள்ள உறவு இதுதான்.

நான்காவது, எல்லாவற்றிலும் பெரிய சிக்கல், காலம். அதிர்வுதாங்கிக்குள் இருப்பது சில மில்லிலிட்டர் எண்ணெய் மட்டுமே. அளவு சிறிது என்பதால் மாசின் பங்கு பெரிது. பிஸ்டன் தண்டு ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் புழுதியைச் சந்திக்கிறது. அதில் ஒரு துளி உள்ளே போகிறது. பிஸ்டனும் உருளையும் உராய்ந்து நுண்துகள் கலக்கிறது. கண்ணாடி போல ஊற்றிய எண்ணெய் சாம்பல் நிறமாகிறது. மறுபுறம், தண்டின் மேல் மெல்லிய படலமாக எண்ணெய் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. வெளியேறிய இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது.

காற்று புகுவதன் விளைவு சற்று விளக்கத் தக்கது. தண்டு உருளைக்குள் நுழையும்போது அதன் கனஅளவுக்கு இடம் தேவை. எண்ணெய் அமுங்காது. ஆகவே மேலே ஒரு ரப்பர் சவ்வு வைத்து அது வளைந்து இடம் தரும்படி அமைக்கிறார்கள். சவ்வு இல்லாத வகையில், அளவிட்ட காற்றை எண்ணெயோடே இருக்கவிடுகிறார்கள். இரண்டிலும் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வடிவமைப்பின் ஒரு பகுதி. கணக்கில் வராத காற்று பிஸ்டனுக்குக் கீழே குமிழாகச் சென்றால், தண்டு சிறிது தொலைவு எதிர்ப்பின்றி நகர்ந்து, பிறகே எண்ணெயைச் சந்திக்கும். வண்டி மேட்டிலிருந்து தரையிறங்கும் அந்த நொடியில் அத்தொலைவு மிகப் பெரியது. இடப்புறம் ஒரு குமிழ், வலப்புறம் குமிழ் இல்லை என்றால் ஒரே எண்ணுடைய எண்ணெயை ஊற்றியும் வண்டி இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

டிஃபரன்ஷியலில் மாற்றம் இன்னும் மறைவானது. உலோகப் பற்கள் உராய்ந்து நுண்பொடி சேர்ந்து எண்ணெய் கருமை கொள்கிறது. வெளித்தண்டுகளின் ரப்பர் வளையங்கள் வழியும் மூடியின் கேஸ்கெட் வழியும் எண்ணெய் கசிகிறது. அது பெட்டிக்குள் கசிவதால் நாம் பார்ப்பதில்லை. சூடேறும்போது சிலிகோன் எண்ணெய் பாகைக்கு ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு விரிவடைகிறது. நாற்பது பாகை ஏறினால் நான்கு விழுக்காடு. விளிம்பு வரை நிரப்பிய கலத்தில் அந்த நான்கு விழுக்காடு ரப்பர் வளையத்தை நெருக்கித் தனக்கு ஒரு வழி தேடிக்கொள்ளும். மேலும், ஆயிரம் சென்டிஸ்டோக்ஸுக்கு மேற்பட்ட சிலிகோன் எண்ணெய்கள் வேகமாகப் பிசையப்படும்போது மெலிந்து காட்டுகின்றன; இலட்சம் எண்ணுடையதில் இது மிகத் தெளிவாகத் தெரியும். குப்பியின் எண் அமைதியான ஓட்டத்தில் அளந்தது. பற்சக்கர இடுக்கில் அந்த அமைதி கிடையாது.

இந்நான்கையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவு தெளிவானது. குப்பியின் மேலுள்ள எண், ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் அலகில், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில், புத்தம் புதிய, தூய எண்ணெய்க்கு உரியது. வண்டிக்குள் இருப்பது வேறொரு பாய்மம். அவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவைச் சிறிதாகவும் மாறாததாகவும் வைத்திருக்கும் செயலுக்குப் பராமரிப்பு என்று பெயர். அச்செயல் இல்லையேல் செட்டப் என்பது வெறும் சொல்.

இதனால் மாணவர்களுக்கு நேரும் இழப்பு கற்பனையானதன்று. முன் டிஃபரன்ஷியலில் பாதி எண்ணெய் கசிந்துபோன வண்டி வளைவிலிருந்து வெளியேறும்போது முன்புறம் இழுவை குறைந்து அகன்று ஓடும். குழு டயரைக் குறை சொல்லும். புதிய டயர் வாங்கும். டயர் மாறியதால் சற்று மேம்படும். டயரே காரணம் என்ற முடிவு அறிக்கையில் ஏறும். அடுத்த ஆண்டுக் குழு அதைப் படித்து நம்பும். சில நூறு ரூபாய் எண்ணெயும் ஒரு மணி நேர உழைப்பும் தீர்த்திருக்கக் கூடிய சிக்கலுக்குப் பல ஆயிரம் செலவாவதோடு, ஒரு தவறான அறிவும் மரபாகிவிடுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு மாறிகள் மாறும் சோதனையிலிருந்து காரணம் கண்டறிய முடியாது என்று முறையியல் வகுப்பில் கற்பிக்கிறோம். பராமரிக்கப்படாத எண்ணெய், எல்லாச் சோதனைகளிலும் யாரும் அறியாமல் மாறிக்கொண்டிருக்கும் அந்த இரண்டாவது மாறி.

நல்ல பராமரிப்பு எப்படி இருக்கும்? தேர்ந்த பந்தயக்காரர்களின் நடைமுறையைக் கவனித்தால், அது ஆய்வக ஒழுங்கிலிருந்து சிறிதும் வேறுபட்டதன்று என்பது புலப்படும். அதிர்வுதாங்கியில் எண்ணெயை ஊற்றியதும் அவர்கள் மூடுவதில்லை. பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் நகர்த்தி அடியில் சிக்கிய குமிழ்களை விடுவித்து, நிமிர்த்தி வைத்துக் காத்திருக்கிறார்கள். தடித்த எண்ணெயில் குமிழ் ஏற நேரமாகும். அந்த நேரத்தைப் பாகுநிலைதான் தீர்மானிக்கிறது, நமது அவசரம் தீர்மானிப்பதில்லை. பிறகு தண்டை எந்த நிலையில் வைத்து மூடியைத் திருகுவது என்பதை ஒரே அளவாக வைத்துக்கொள்கிறார்கள். தண்டை அழுத்தி விட்டால் அது தானே எவ்வளவு திரும்பி வருகிறது என்பது அதைப் பொறுத்தது. இடம் வலம் இரண்டையும் கையில் பிடித்து ஒருசேர அழுத்தி ஒப்பிடுகிறார்கள். டிஃபரன்ஷியலைக் கண்ணளவில் நிரப்பாமல், நூறில் ஒரு கிராம் காட்டும் சிறு தராசில் வைத்து எடைபோட்டு நிரப்புகிறார்கள். அடுத்த முறை திறக்குமுன் மீண்டும் எடைபோட்டால் எவ்வளவு கசிந்தது என்பது எண்ணாகவே தெரிந்துவிடும். ஊகம் அளவீடாக மாறும் இடம் இது.

துடைப்பதிலும் வேதியியல் இருக்கிறது. சிலிகோன் எண்ணெய் நீரில் கரையாது. பெட்ரோலிய வகைக் கரைப்பான்கள் கரைக்கும். ஆனால் அவற்றில் ஊறவிட்டால் சில வகை ரப்பர் வளையங்கள் ஊதிவிடும். சிலிகோன் ரப்பரால் ஆன வளையமோ சிலிகோன் எண்ணெயிலேயே சற்று ஊதும் இயல்புடையது. வளையம் ஊதினால் தண்டு இறுகி நகரும், அந்த இறுக்கம் தடித்த எண்ணெய் போலத் தோன்றி நம்மை ஏமாற்றும். எண்ணெய்க் கையோடு சக்கர விளிம்பைத் தொட்டால் அங்கே டயரை ஒட்டும் பசை பிடிக்காது. எந்தக் கரைப்பான், எந்த வளையம், எந்த வரிசை, எந்தத் துணி என்பதையெல்லாம் அறிந்து செய்பவரை நாம் கையாள் என்று அழைக்கிறோம்.

இவ்வாதத்துக்கு எதிராக எழுப்பப்படும் மூன்று கருத்துகளை நேர்மையாகக் கருத வேண்டும்.

ஒன்று, இது விளையாட்டுப் பொருள். இதற்கு இவ்வளவு தத்துவம் ஏன் என்பது. 1984-இல் அசோசியேட்டட் நிறுவனம் வெளியிட்ட ஆர்.சி.10 வண்டியிலேயே எண்ணெய் நிரம்பிய அதிர்வுதாங்கிகள் இருந்தன. அன்று முதல் இந்த வண்டிகள் பொம்மைக் கடையின் எல்லையைத் தாண்டிவிட்டன. 1/8 மண்தரை வண்டிகளின் உலகப் போட்டி இறுதியாட்டம் ஒரு மணி நேரம் நீள்கிறது. அந்த ஒரு மணி நேரமும் எண்ணெய் சூடேறி, மெலிந்து, மாசடைந்துகொண்டே இருக்கும் நிலையில் வண்டி ஓடியாக வேண்டும். அதைவிட முக்கியமானது, ஒரு மாணவர் அதிர்வு ஒடுக்கத்தையும் பாகுநிலையையும் தம் கையால் தொட்டுணர்ந்து, பத்து நிமிடங்களில் விளைவைக் கண்ணால் காணக்கூடிய கருவிகள் நமது பாடத்திட்டத்தில் மிகச் சில. சிறியது என்பது இங்கே குறையாகாது.

இரண்டு, செலவும் நேரமும். எண்ணெய்க் குப்பிகள் பெரும்பாலும் இறக்குமதியாகின்றன. மாணவர் குழுவின் பணப்பை சிறியது. இதில் உண்மை உண்டு. ஆனால் பராமரிப்பு என்றால் எப்போதும் மாற்றிக்கொண்டே இருப்பது என்று பொருள் கொள்வதால் வரும் அச்சம் இது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எல்லாவற்றையும் திறப்பதை நானும் ஆதரிக்கவில்லை. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வளையம் ஒரு முறை தேய்கிறது, திருகின் மரை ஒரு முறை தளர்கிறது, நிரப்பும் அளவில் புதிய வேறுபாடு நுழைகிறது. எப்போது திறக்க வேண்டும், எப்போது தொடாமல் விட வேண்டும் என்ற தீர்ப்பே பராமரிப்பின் சாரம். அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் வேண்டும். ஓடிய நிமிடங்கள், வடித்த எண்ணெயின் நிறம், எடைக் குறைவு ஆகியவற்றை எழுதிவைத்தால் சில மாதங்களில் அந்த ஆதாரம் தானே திரளும்; தேவையற்ற மாற்றங்கள் தவிர்க்கப்படும். பதிவேடு செலவைக் குறைக்கும் கருவி.

மூன்று, பழகினால் யாரும் செய்யக்கூடிய வேலைதானே என்பது. இதுவே மிக ஆழமான தடை. பழகினால் யாரும் வகைக்கெழுவும் காணலாம். கையால் பழகுவது தாழ்ந்தது, தாளில் பழகுவது உயர்ந்தது என்ற நமது பழைய படிநிலை, பொறியியல் கூடத்துக்குள்ளும் சட்டை மாற்றிக்கொண்டு உலவுகிறது என்பதைத் தவிர இவ்வேறுபாட்டுக்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

நமது ஆய்வகங்களிலேயே இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. பாகுநிலைமானிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்கப் பயன்படும் தர எண்ணெய்கள் பலவும் சிலிகோன் எண்ணெய்களே. பந்தய வண்டிக்குள் இருக்கும் அதே வேதியியல் குடும்பம். ஆய்வகத்தில் அக்குப்பிக்குச் சான்றிதழ் உண்டு, வெப்பநிலை உண்டு, காலாவதி நாள் உண்டு. ஒரு முறை வெளியே எடுத்ததை மீண்டும் குப்பிக்குள் ஊற்றக் கூடாது என்ற ஒழுங்கு உண்டு. ஒரே பாய்மத்தை ஓரிடத்தில் அளவுகோலாகப் போற்றுகிறோம், இன்னோரிடத்தில் அழுக்கு வேலையின் மிச்சமாக வீசுகிறோம். பாய்மம் மாறவில்லை, அதைக் கையாள்பவரின் தகுதி குறித்த நமது எண்ணமே மாறுகிறது. அந்த ஆய்வகக் குப்பியையும் கவனித்துவருபவர் பெரும்பாலும் ஓர் ஆய்வக உதவியாளர் என்பதையும், கட்டுரைகளின் முடிவில் வரும் நன்றியுரையில்கூட அவர் பெயர் அரிதாகவே இடம்பெறுகிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே திட்டங்களை வழிநடத்தும் ஆசிரியர்களிடமும் குழுத் தலைவர்களிடமும் நான் முன்வைக்க விரும்புபவை எளியவை. திட்ட அறிக்கையில் வடிவமைப்புக்கு ஓர் அதிகாரம் இருப்பது போல் பராமரிப்புப் பதிவேட்டுக்கும் ஓர் அதிகாரம் இருக்கட்டும்: நாள், காற்றின் வெப்பநிலை, எண்ணெயின் நிறுவனமும் சென்டிஸ்டோக்ஸ் அளவும், நிரப்பிய எடை, ஓடிய நிமிடங்கள், திறந்தபோது கண்டது, செய்தவர் பெயர். மதிப்பெண்ணில் அதற்கு ஒரு பங்கு ஒதுக்கப்படட்டும். வாய்மொழித் தேர்வில் ‘ஏன் 7,000 தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்ற கேள்வியோடு ‘உள்ளே இப்போது இருப்பது 7,000 என்று எப்படி அறிவீர்கள்?’ என்ற கேள்வியும் எழட்டும். முதற்கேள்விக்கு இணையத்தில் விடை கிடைக்கும். இரண்டாவதற்குக் கையில்தான் கிடைக்கும். செட்டப் தீர்மானிப்பவரும் எண்ணெய் மாற்றுபவரும் மாதந்தோறும் இடம் மாறட்டும். நான்காம் ஆண்டு மாணவர் தம் கையால் குமிழ் நீக்கட்டும், முதலாண்டு மாணவர் தாம் கண்டதைக் கொண்டு எண்ணைப் பரிந்துரைக்கட்டும். வடித்த எண்ணெயைத் தொட்டியில் கொட்டாமல் தனிக்குப்பியில் சேர்த்து முறையாக அகற்றட்டும். பொறுப்பு, வண்டியின் ஓரத்தோடு முடிவதில்லை.

இவற்றில் எதற்கும் பெரிய நிதி வேண்டாம். ஒரு குறிப்பேடும் ஒரு சிறு தராசும் ஒரு வெப்பமானியும் போதும். வேண்டியிருப்பது மதிப்பீட்டு மாற்றம்.

நமது பட்டதாரிகளுள் மிகப் பெரும்பாலோர் தம் பணிவாழ்வில் புதிய இயந்திரத்தை வடிவமைக்கப் போவதில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மின்நிலையங்களையும், தொடர்வண்டிகளையும், மருத்துவக் கருவிகளையும், நீரேற்றும் எந்திரங்களையும் ஓடும் நிலையில் வைத்திருக்கப் போகிறார்கள். அவர்களை நம்பி மனிதர்கள் பயணம் செய்வார்கள், சிகிச்சை பெறுவார்கள். தாளில் எழுதிய எண்ணுக்கும் கலத்துக்குள் உள்ள உண்மைக்கும் இடையே தொலைவு உண்டு என்று சந்தேகிக்கும் பழக்கத்தை நான்கு ஆண்டுகளில் அவர்களுக்கு எங்கேனும் கற்பித்தாக வேண்டும். அரை மீட்டர் நீளமுள்ள ஒரு வண்டியும் சில மில்லிலிட்டர் எண்ணெயும் அதற்கு நல்ல தொடக்கம்.

மாணவர் குழுக்களை வழிநடத்துவோரும், இத்தகைய பதிவேட்டை ஏற்கெனவே பேணிவருவோரும் தங்கள் நடைமுறையைக் கருத்துப் பகுதியில் பகிர வேண்டுகிறேன். மறுப்புகளையும் அவ்வாறே வரவேற்கிறேன். எண்களோடு வரும் மறுப்பு இரட்டிப்பு வரவேற்புக்கு உரியது.